நாற்பது மீட்டர் அக்கரைக்குள்

மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்
17.01.2026, காணும் பொங்கல்

ஜெயக்குமாருக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பதை உன் பதிலறிக்கையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். மனசு சரியில்லாதவனால் அவ்வளவு சுத்தமாக எழுத முடியாது. "மேற்படி நாளில் எனது கிராம எல்லைக்குள் பிரேதம் எதுவும் ஒதுங்கியதாகத் தகவல் இல்லை. மேற்படி இடத்துக்கு நான் செல்லவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வீரமலை என்பவர் என்னைத் தொடர்புகொள்ளவில்லை." மூன்று வரி, மூன்றும் பொய். "வீரமலை என்பவர்" என்று எழுதியிருக்கிறாய் பார், அதற்காகவே உனக்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம். முப்பது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவன் இப்போது "என்பவர்" ஆகிவிட்டேன்.

என் மேல் நடக்கும் துறை விசாரணைக்கு முன்பாக ஆவணங்களின் நகலை எனக்குத் தர வேண்டும் என்பது விதி. போகியன்று தபாலில் வந்தது. பழையதை எரிக்கும் நாள் என்பதால் எரித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எரிக்கவில்லை. மடித்து, பனியன் அலமாரியில் வைத்திருக்கிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். ஆகவே கடிதம். இதை நீ உன் தாசில்தாரிடம் காட்டலாம், வக்கீலிடம் காட்டலாம், நகல் எடுத்து ஊரெல்லாம் ஒட்டலாம். நான் மறைத்து எழுதப் போவதில்லை.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன். நீ மறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறாய் அல்லவா, அதனால்.

நவம்பர் 13, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பரிசல்காரன் சரவணன் எனக்குப் போன் செய்தான். "சார், நடுத்திட்டுல ஒண்ணு ஒதுங்கியிருக்கு. ஆம்பளை." நடுத்திட்டு என்றால் 2018 வெள்ளத்துக்குப் பிறகு கொள்ளிடத்தின் நடுவில் விழுந்த மணல்திட்டு. பழைய வரைபடப்படி ஆற்றின் நடுக்கோடுதான் இரண்டு மாவட்டத்துக்கும் எல்லை. வடகரை என் கிராமம், தென்கரை உன்னுடையது. திட்டின் பெரும்பகுதி உன் பக்கம். இதெல்லாம் நம் இருவருக்கும் கண்ணை மூடினாலும் தெரியும். ஏழு பன்னிரண்டுக்கு உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு நிமிடம் பேசினோம். மேலே முக்கொம்பில் தண்ணீர் திறந்திருப்பதாகவும், மதியத்துக்குள் நம் பகுதிக்கு வந்துவிடும் என்றும் பொதுப்பணித் துறையின் எச்சரிக்கை இரண்டு பேருடைய போனிலும் இருந்தது. நீ பைக்கில் உன் கரைக்கு வந்தாய். கணுக்கால் தண்ணீரில் நடந்து திட்டுக்கு ஏறினாய். நான் பரிசலில் வந்தேன். குப்புறக் கிடந்தவரைத் திருப்பிப் போட்டது நாம் இருவரும்தான். உன் கைக்குட்டையைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன்.

வலது கையை முதலில் பார்த்தது நீ. உள்ளங்கையில் குறுக்காக ஒரு கோடு. கறுத்து, ஓரம் வெளுத்து, பென்சில் கனத்துக்கு. உன் அப்பா லைன்மேனாக இருந்தவர், அதனால் உனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கரண்ட்டுடா இது. வேலியப் புடிச்சிருக்கான்" என்றாய். நான் அதற்கு முன் அப்படி ஒரு காயத்தைப் பார்த்ததே இல்லை. என் அறிக்கையில் "மின்சாரக் கம்பியால் ஏற்பட்டது போன்ற தீக்காயம்" என்று எழுதினேனே, அந்த வார்த்தை உன்னுடையது. உன்னிடமிருந்து திருடி என் பெயரில் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் நீ எழுந்து கைகளை மணலில் துடைத்தாய். "தண்ணி வருதுல்ல. போகட்டும்டா. கீழ வேற மாவட்டத்துக்காரன் பாத்துப்பான். நான் களைச்சுப் போயிட்டேன்" என்றாய். நான் உன்னைத் திட்டினேன். என்ன வார்த்தை சொன்னேன் என்பதை எழுத வேண்டாம், உன் வீட்டில் தங்கச்சி படிக்கக்கூடும். நீ திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கிப் போனாய்.

நான் போகவிடவில்லை. நானும் சரவணனும் அவரைப் பரிசலில் ஏற்றி வடகரைக்குக் கொண்டுவந்தோம். நாற்பது மீட்டர் உன் எல்லைக்குள் கிடந்தவரை என் எல்லையில் கிடந்தார் என்று புகார் எழுதிக் கொடுத்தேன். எங்கள் கரையின் புல எண்ணைப் போட்டேன். ஆம், பொய். அரசாங்க முத்திரை வைத்துச் சொன்ன பொய்.

எந்த இடத்தில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை அச்சடித்துச் சுவரிலும் மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் ஸ்டேஷன் எழுத்தர் முன்பு வேறொரு கேஸில் என்னிடம், "அந்தப் பக்கம்னு எழுதுனீங்கன்னா அந்தப் பக்கமே குடுத்துருங்க சார், எனக்கு எதுக்கு வம்பு" என்றார். அன்றைக்கு அவரோடு சண்டை போட்டு ஜெயிக்க எனக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. வெயிலில் கிடக்கிற ஒரு மனிதருக்கு நான்கு மணி நேரம் கிடையாது. அதனால் புல எண்ணை மாற்றினேன்.

மாட்டிக்கொண்டதும் என் புத்தியால்தான். பயிர்க் கணக்கெடுப்புக்காக ஒரு செயலியை நம் தலையில் கட்டினார்களே, நின்ற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் படத்தின் அடியிலேயே பதித்துவிடும் செயலி. இரண்டு மாதமாக நெல்லையும் வாழையையும் அதில்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கை பழகிவிட்டது. திட்டில் கிடந்தவரையும் அதிலேயே எடுத்தேன். ஒரே ஒரு படம். அதை நானே அச்செடுத்து, நானே கையெழுத்துப் போட்டு, என் பொய்யோடு சேர்த்து இணைத்தேன். அந்த மின்வேலிக்குச் சொந்தக்காரரின் வக்கீல் அந்த எண்களை வரைபடத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வாழைக்கு உண்மை சொல்லிப் பழகியவன் பிணத்துக்குப் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று யமுனா சொல்கிறாள். என் மனைவிக்கு இந்த இரண்டு மாதத்தில் பேச்சு நன்றாக வருகிறது.

இறந்தவர் பெயர் பிச்சை. உனக்குத் தெரிந்திருக்காது, நீ கேட்கவில்லை. ஆற்றில் வலை போடுகிறவர். மேற்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கும் வாழைத்தோப்பின் ஓரமாகத்தான் அவர் தினமும் ஆற்றுக்கு இறங்குவார். காட்டுப்பன்றி வருகிறது என்று தோப்பைச் சுற்றி நேரடி மின்சாரத்தில் கம்பி கட்டியிருந்தார்கள். தோப்புக்காரர் யார் என்பது இரண்டு கரையிலும் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரை எழுதி இந்தத் தாளை அழுக்காக்க மாட்டேன். கம்பியில் செத்தவரை ஆற்றில் போட்டுவிட்டார்கள். தண்ணீர் எப்படியும் யாரிடமாவது தள்ளிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கிறார்கள், ஜெயக்குமார்.

பிச்சைக்கு ஒரே மகள், ராசாத்தி. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு சுத்தம் செய்கிற வேலை. குடித்துவிட்டு ஆற்றில் விழுந்தார் என்று முடித்துவிடப் பார்க்கிறார்கள். அவள் என் வீட்டு வாசலில் நின்று, "எங்கப்பா குடிக்கறவரே இல்ல சார். டீயே அரை டம்ளர்தான் குடிப்பாரு, மீதிய எனக்குக் குடுத்துருவாரு. செத்துப்போனதுக்கு அப்புறம் அவரைக் குடிகாரராக்குறாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

பிரேதப் பரிசோதனை மறுநாள் மதியம்தான் நடந்தது. தண்ணீரில் ஊறிய உள்ளங்கைத் தோல் அதற்குள் கையுறை மாதிரிக் கழன்றுவிட்டது. காயம் பற்றி உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, இருந்ததைத்தானே எழுத முடியும். என் படத்தில் கை பாதி மணலில் இருக்கிறது. சரவணன் இப்போது, "எனக்குக் கண் பார்வை சரியில்ல சார், கைய நான் பாக்கல" என்கிறான். ஆற்றில் ஒரு பர்லாங்கு தள்ளிக் கெண்டை துள்ளினால் சொல்கிறவன். அவன் குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கும் படுகை நிலம் தோப்புக்காரருடையது. அவனையும் நான் திட்டப் போவதில்லை. திட்டுவதற்கு எனக்கு வேறு ஆள் இருக்கிறது.

ஆக, அந்தக் கோட்டை முழுசாகப் பார்த்தவர்கள் இரண்டு பேர். நானும் நீயும். இடத்தைப் பற்றிப் பொய் சொன்னவன் காயத்தைப் பற்றியும் பொய் சொல்லியிருப்பான் என்பது அவர்கள் வாதம். நான் நீதிபதியாக இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். மிச்சம் இருப்பது நீ.

இப்போது என் பக்கத்துச் செய்திகள். சஸ்பெண்ட் ஆகி ஒன்றரை மாதம். காலையில் எழுந்து சவரம் செய்து சட்டை மாட்டி உட்கார்ந்துகொள்கிறேன், போக இடமில்லை. தெருவில், "என்ன சார் லீவா?" என்று தினமும் கேட்கிறார்கள், தெரிந்துகொண்டே கேட்கிறார்கள். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் பாஸ் வாங்கித் தரச் சொல்லி வருடாவருடம் வாலாட்டிக்கொண்டு வருகிற மூன்று பேர் இந்த வருடம் என்னைப் பார்த்ததும் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்கள். மூன்று பேரையும் குறித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் எங்கள் ஆபீஸ் தலைமை உதவியாளர் வீட்டுக்கே வந்தார். பையில் ஒரு டைப் அடித்த கடிதம். "அதிகாலை வெளிச்சக் குறைவினால் இடத்தைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன். காயம் குறித்து எழுதியதும் என் ஊகமே. இதற்காக மன்னிப்புக் கோருகிறேன்." நான் கையெழுத்துப் போட்டால் ஒரு இன்கிரிமென்ட் வெட்டோடு முடித்துவிடுவார்களாம். காலை ஏழரை மணி, நவம்பர் வெயில் கண்ணில் அடிக்கிறது, அதற்குப் பெயர் வெளிச்சக் குறைவு. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "மிலிட்டரி, நீங்க சண்டை போட்டது போதாதா? இங்க என்ன பாகிஸ்தானா?" என்று சிரித்தார். பதினோரு வருடமாக அந்த ஆபீஸில் எனக்கு மிலிட்டரி என்றுதான் பெயர். வீரமலை என்று வருகைப் பதிவேட்டில் மட்டும். "பாகிஸ்தான்காரன் எதிர்ல நின்னு சுட்டான் சார், வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டுச் சுடல" என்றேன். காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். யமுனா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

அவள் கேட்டாள், "நீங்க என்ன எல்லைச்சாமியா? குதிரை மேல உக்காந்து அருவாளத் தூக்கிட்டு நிக்கறதுக்கு? ஒரு கையெழுத்து. போட்டா வீட்டுல விளக்கு எரியும்." மகள் வைஷ்ணவிக்கு இது கல்லூரியில் கடைசி வருடம். அவளும் போனில், "அப்பா, நீங்க சொன்னது பொய்தானேப்பா, பொய்க்குத்தானே மன்னிப்பு கேக்கச் சொல்றாங்க" என்றாள். படிக்க வைத்ததற்குப் பலன். அவளுக்கு நான் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன். பொய்க்கு மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் இன்றைக்கே கேட்பேன். அந்தத் தாளில் முதல் வரி பொய்க்கு, இரண்டாவது வரி உண்மைக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வேண்டுமாம்.

நீ ஏன் திட்டிலிருந்து திரும்பிப் போனாய் என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயந்தவன் நீ இல்லை. அது எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. பட்டாளத்தில் இருந்தபோது, 1999 ஜூலையில், நம்மோடு இருந்த புத்தூர் அமிர்தராஜ் மலைச்சரிவில் விழுந்து கிடந்தபோது மேலேயிருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள். பனிமூட்டம் வரட்டும், அதுவரை யாரும் நகர வேண்டாம் என்றார் கேப்டன். நீ பெல்ட்டைக் கழற்றிவிட்டு வயிற்றால் ஊர்ந்து போனாய். நான் பாறைக்குப் பின்னால் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ அவனை இழுத்துக்கொண்டு திரும்பும்வரை இரண்டு மணி நேரம். கயிற்றை இறுக்கிப் பிடித்ததில் என் விரல் மரத்ததுதான் என் வீரம். ஆனால் ஊரில் குடியரசு தின விழாக்களில் நான் என்ன பேசுவேன் தெரியுமல்லவா? "நானும் என் நண்பனும் இறங்கிப் போனோம்." ஒரு வருடம் எங்கள் கிராமத்துப் பள்ளியில் நீ முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாய், கை தட்டினாய். வெளியே டீக்கடையில் நீ சொன்னது, "டீ நல்லாருக்குல்ல?" அவ்வளவுதான். அதற்குப் பிறகும் என்னால் அந்தப் பேச்சை மாற்ற முடியவில்லை. அடுத்த வருடமும் "இறங்கிப் போனோம்" என்றுதான் சொன்னேன். புல எண் மாற்றுவதெல்லாம் எனக்குப் புதிதில்லை பார்.

பட்டாளத்திலிருந்து வந்து தேர்வு எழுதியபோது என்னைவிடப் பதினோரு இடம் முன்னால் தேறினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, வயது ஐம்பதை நெருங்கியும் போகவில்லை. மாவட்டம் வேறானாலும் ஆறு ஒன்றாகவே கிடைத்தது. இடையில் இரண்டு முறை மாற்றல் வந்தும், வேறு யாரும் வர ஒப்பாததால் இதே ஆற்றங்கரைக்கே திரும்பினோம். நான் பொறுப்பேற்ற முதல் நாள் ஆபீஸ் மூலையில் ஒரு நீள மூங்கில் சாத்தியிருந்தது. எதற்கு என்று சரவணனைக் கேட்டேன். "எல்லைக் கம்பு சார். கரையோரமா எதாவது ஒதுங்குச்சுன்னா ஒரு தட்டு. அக்கரைக்குப் போயிடும். அக்கரைக்காரங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு, அவங்க திருப்பித் தட்டுவாங்க" என்று சிரித்தான். ஒரு பெண்ணின் உடல் மூன்று நாள் அப்படி இரண்டு கரைக்கும் போய் வந்ததாம். அதை அவன் பந்து விளையாட்டைச் சொல்வது போலச் சொன்னான்.

கல்லணையில் உட்கார்ந்து நாம் பேசி முடிவு செய்தோம். எந்தக் கரையைத் தொடுகிறதோ, அந்தக் கரைக்காரன் எடுத்துக்கொள்வான். தட்டுவது இல்லை. உன் கம்பை உன் வீட்டுப் பந்தலுக்குப் போட்டாய், நான் அவரைக்கொடிக்கு ஊன்றினேன். பத்து வருடம் அப்படியே நடந்தது. நீ ஒன்பது பேரை எடுத்தாய், நான் பதினான்கு பேரை எடுத்தேன். பெயர் தெரிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். தெரியாதவர்களுக்கு நாமே கொள்ளி வைத்தோம்.

உன் ஒன்பதாவது ஆள்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். 2023-இல் நீ எடுத்த அந்த அம்மாள். கழுத்துத் தாலிச் சங்கிலியைக் காணோம், வி.ஏ.ஓ.தான் கழற்றியிருப்பார் என்று அவர்கள் வீட்டார் சொன்னார்கள். உன்னை ஸ்டேஷனில் இரண்டு நாள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சங்கிலி அடகுக் கடையில் அவர்கள் வீட்டுப் பையன் பேரிலேயே இருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் உன்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு விஷயம் தெரியும். முசிறியில் மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழா என்று உனக்குச் சொன்னேன். விழா முதல் நாள் மதியமே முடிந்துவிட்டது. பிணத்திடம் நகை திருடியவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என் பேரும் அடிபடும் என்று தோன்றியது, அதனால் முசிறியிலேயே இரண்டாவது நாளும் இருந்துவிட்டேன். வாழைத்தார் ஏற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என்னிடம் இதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். உன் பெரிய குறையே இதுதான்.

அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. எனக்கு நீ செய்ததற்கும் நான் உனக்குச் செய்ததற்கும் சரியாகப் போயிற்று என்று வைத்துக்கொண்டாலும், பிச்சைக்கு நீ செய்ததற்கு என்ன கணக்கு? அவர் உனக்கு ஒன்றும் செய்யவில்லை. கேஸ் வந்ததும் கழற்றி வைத்திருந்த கம்பியைப் பொங்கலுக்கு முன்பே தோப்பில் மறுபடியும் கட்டிவிட்டார்கள். என் கண்ணைப் பார்க்காமல் சரவணனே வந்து சொல்லிவிட்டுப் போனான். மின்சார வாரியத்துக்கு எழுதினேன். சஸ்பெண்ட் ஆனவன் எழுதும் புகாருக்கு என்ன மரியாதை என்பது உனக்குத் தெரியும். அடுத்து யார் வருவார் என்று தெரியாது. தண்ணீர் குறைவாக ஓடினால் என் கரை, நிறைய ஓடினால் உன் கரை.

நான் முடிவு செய்துவிட்டேன். 23-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோட்டாட்சியர் முன்பு விசாரணை. அந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். திட்டு உன் எல்லை, நாற்பது மீட்டர், புல எண்ணை நான் மாற்றினேன், தெரிந்தே மாற்றினேன் என்று நானே சொல்லப் போகிறேன். வேலை போனால் போகட்டும். அவர்கள் நிரூபிப்பதற்கு முன்னால் நான் ஒப்புக்கொண்டால் அந்த வக்கீலுக்குப் பேச ஒரு விஷயம் குறையும். அதற்கப்புறம் காயத்தைப் பற்றிச் சொல்வேன். உடன் பார்த்தது யார் என்று கேட்பார்கள். ஜெயக்குமார் என்று சொல்வேன். என்பவர் என்று சேர்க்க மாட்டேன்.

என் போன் பட்டியலை எடுத்து அந்த ஏழு பன்னிரண்டைக் காட்டி உன்னை மாட்டிவிடலாம் என்று என் வக்கீல் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் நீ பேசியதுதான் தெரியும், பார்த்தது தெரியாது. மாட்டிக்கொண்டு வந்து நிற்கிற சாட்சி பிச்சைக்குப் பிரயோசனப்படாது.

நீ செய்ய வேண்டியது இதுதான். உன் பதிலறிக்கை தவறு என்று இன்னொரு அறிக்கை எழுது. உன் எல்லையில் கிடந்தவரை நீ பார்த்தாய், கையைப் பார்த்தாய், விட்டுவிட்டுப் போனாய். அதை எழுதிக்கொண்டு உன் பக்கத்து ஸ்டேஷனில் நீயே ஒரு புகார் கொடு. பிறகு வெள்ளிக்கிழமை வா. உனக்கும் மெமோ வரும், சஸ்பெண்டும் வரலாம். தங்கச்சி என்னைச் சபிப்பாள். சபிக்கட்டும், என் வீட்டிலேயே பழகிவிட்டது. இரண்டு பேரும் வேலையில்லாமல் கல்லணையில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், நன்றாக இருக்கிறதா என்று நீ கேட்கலாம்.

ராசாத்தியிடம் நீ வருவாய் என்று நான் சொல்லவில்லை. இன்னொருவர் இருந்தார் என்று மட்டும் சொன்னேன். "அவரு நல்லவரா சார்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவள் மேலா, உன் மேலா தெரியவில்லை. நல்லவன்தான் என்றேன். சொன்னபோது அது என் குடியரசு தினப் பேச்சுகளில் வருகிற வரி மாதிரி இல்லை.

இன்று காலையிலிருந்து ஜனங்கள் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யமுனாவும் புளியோதரை கட்டி வைத்துவிட்டு, நான் வருவேனா என்று கேட்காமல் பக்கத்து வீட்டாரோடு போயிருக்கிறாள். இதை எழுதி முடித்துவிட்டு நானும் போகத்தான் வேண்டும். திங்கட்கிழமை காலை தபால் ஆபீஸ் திறந்ததும் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். புதன்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். யோசிக்க உனக்கு ஒரு முழு நாள் இருக்கும். உனக்கு அதற்கு மேல் எப்போதும் தேவைப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். கல்லணைப் பக்கத்திலிருந்து வரும் பஸ்கள் நிற்கிற இடத்தில். பத்தரை வரை நிற்பேன்.

உன்னைவிட நான்கு மாதம் இளையவன் நான், ஆசீர்வாதம் சொல்லும் தகுதி கிடையாது. தங்கச்சியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். உன் கால்வலிக்குத் தைலம் தடவிக்கொள், திட்டில் நீ நடந்தபோது பார்த்தேன், இடது காலை இழுத்துத்தான் வைக்கிறாய்.

வா, ஜெயக்குமார். உண்மையைச் சொல்ல மனசு வராவிட்டாலும் வா. நான் சொல்வது பொய் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்காகவாவது வந்துவிடு.

உன்,
வீரமலை